மிச்சம் எத்தனை கிலோ?

தம்பி தங்கைகளே, ஆஸ்திரேலிய வரைபடத்தின் நடுப்பகுதியில் 'சிம்ப்சன் பாலைவனம்' என்று போட்டிருக்கும். நம் தமிழ்நாட்டைவிடப் பெரிய நிலப்பரப்பு அது. 1,100-க்கும் மேற்பட்ட மணல்மேடுகள் அங்கே வடக்கு தெற்காக, ஒன்றுக்கொன்று இணையாக நீண்டு கிடக்கின்றன. மேற்கே மவுண்ட் டேர் என்ற இடத்திலிருந்து புறப்பட்டுக் கிழக்கே பேர்ட்ஸ்வில் என்ற சிற்றூருக்குப் போகிறவர்கள் மேடு மேடாக ஏறி இறங்கித்தான் போக வேண்டும். கடைசியில் வரும் பெரிய மேட்டுக்கு 'பிக் ரெட்' என்று பெயர். உயரம் சுமார் 40 மீட்டர். வழி நெடுக, சுமார் 500 கிலோமீட்டர் தூரத்துக்கு, டீசல் போட ஓர் இடம் கிடையாது. கோடையில் வெயில் தாங்காது என்பதால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பாலைவனப் பூங்காவையே மூடிவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஆஸ்திரேலியர்கள் பெரும்பாலும் நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டியில்தான் போகிறார்கள். முன்னால் ஆள் உட்காரும் அறை, பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி. அவர்கள் அதை 'யூட்' என்பார்கள். 1934-இல் ஃபோர்டு நிறுவனத்தின் ஜீலாங் தொழிற்சாலையில் லூ பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் உருவாக்கிய வண்டியிலிருந்து யூட்டின் வரலாற்றைத் தொடங்குவது அங்கே வழக்கம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் திங்கட்கிழமை பன்றிகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்கும் போக ஒரே வண்டி வேண்டும் என்று ஒரு விவசாயியின் மனைவி கடிதம் எழுதியதால்தான் அந்த எண்ணம் பிறந்தது என்று சொல்வார்கள்.

சரி, பாலைவனத்துக்குப் போவதென்றால் கடையில் வாங்கிய வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு போக மாட்டார்கள். முன்னால் கனத்த இரும்பு பம்பர், மணலில் சிக்கினால் இழுக்க வின்ச், கூரைமேல் கேரியர், அதன்மேல் கூடாரம் என்று ஒவ்வொன்றாக மாட்டுவார்கள். மாட்ட மாட்ட வண்டி பலம் பெறுவதாகத்தான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உண்மையில் என்ன நடக்கிறது? கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

தகட்டில் இருக்கும் எண்

ஒவ்வொரு வண்டிக்கும் அதைச் செய்தவர்கள் ஓர் எண்ணை நிர்ணயித்திருக்கிறார்கள். வண்டி, அதிலுள்ள ஆட்கள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. ஆஸ்திரேலியாவில் அதை 'ஜி.வி.எம்.' என்பார்கள். மொத்த வாகன எடை என்று பொருள்.

அந்த எண்ணை மனம்போன போக்கில் எழுதிவிடுவதில்லை. வண்டியில் அச்சு இருக்கிறது, பேரிங் இருக்கிறது, ஸ்பிரிங், பிரேக், டயர், எல்லாவற்றையும் தாங்கும் சேஸிஸ் சட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தாங்கும் அளவு உண்டு. இவற்றில் எது முதலில் தோற்குமோ, அதை மனத்தில் வைத்துத்தான் வரம்பு போடுகிறார்கள்.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். டாங்க் நிறைய டீசலோடு அதன் காலி எடை 2,100 கிலோ. மொத்த வரம்பு 3,050 கிலோ. கழித்தால் 950 கிலோ மிச்சம். கிட்டத்தட்ட ஒரு டன்! இனி எதை ஏற்றினாலும் இந்த 950-இலிருந்துதான் கழிக்க வேண்டும்.

இரும்பு பம்பர் 70 கிலோ. வின்ச் 35. கூரை கேரியர் 30. கூடாரம் 60. பின் தொட்டிக்கு மூடி 80. சாமான் வைக்கும் இழுப்பறை 70. குளிர்பெட்டி, உள்ளே இருக்கும் உணவோடு 40. இரண்டாவது பேட்டரி 25. அடிப்பகுதியில் கல் படாமல் காக்கும் தகடு 40. கூடுதலாக ஒரு ஸ்டெப்னி 35. வலுவான பின் பம்பர் 50. கூட்டிப் பாருங்கள்: 535 கிலோ. இன்னும் ஓர் ஆள்கூட ஏறவில்லை, அதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் 415.

அப்பா, அம்மா, அக்கா, தம்பி நால்வரும் சேர்ந்து 230 கிலோ என்று வையுங்கள். மிச்சம் 185.

பாலைவனத்தில் தண்ணீர் வேண்டுமே! ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் வீதம், நான்கு பேருக்கு ஆறு நாளுக்கு 120 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக 120 கிலோ. மிச்சம் 65.

மணலில் வண்டி டீசலைக் குடிக்கும் என்பதால் கேன்களில் இன்னும் 80 லிட்டர் எடுத்துக்கொள்கிறார்கள். டீசல் தண்ணீரைவிட இலேசு. லிட்டருக்குச் சுமார் 0.84 கிலோ. பெருக்கினால் 67 கிலோ. மிச்சம் 65 தான் இருந்தது. வரம்பு தாண்டிவிட்டது!

அடுப்பு, அரிசி, பருப்பு, துணிமணி, மண்வெட்டி, ஜாக்கி, முதலுதவிப் பெட்டி எதையும் நாம் இன்னும் ஏற்றவே இல்லை. அவை ஒரு 100 கிலோ இருக்கும். பார்வைக்கு முரட்டு வண்டி. கணக்குப்படி அது தன் தாங்கும் அளவைவிட 100 கிலோ அதிகமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

எங்கே வைக்கிறோம் என்பதும் கணக்குத்தான்

எடை எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அதை எங்கே வைத்தோம் என்பது இன்னொரு கேள்வி. இதற்கு ஒரு சோதனை செய்து பார்க்கலாம்.

இரண்டு பென்சில்களை மேசைமேல் இடைவெளி விட்டு இணையாக வையுங்கள். உருண்டு ஓடாமல் கொஞ்சம் களிமண்ணால் ஒட்டிவிடுங்கள். அவற்றின்மேல் ஓர் அடிஸ்கேலை வையுங்கள். பென்சில்கள்தான் வண்டியின் முன் அச்சும் பின் அச்சும். இரண்டு பென்சிலுக்கும் நடுவில் ரூபாய் நாணயங்களை அடுக்கினால் ஸ்கேல் அசையாது. அதே நாணயங்களைப் பின் பென்சிலுக்கு வெளியே, ஸ்கேலின் கடைசி முனையில் ஒவ்வொன்றாக அடுக்குங்கள். ஒரு கட்டத்தில் ஸ்கேலின் முன்பக்கம் மேலே தூக்கும்.

வண்டியிலும் இதேதான் நடக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 3 மீட்டர் இடைவெளி. பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் 100 கிலோ எடையை மாட்டுகிறோம். முன் அச்சில் எவ்வளவு குறையும்? 100-ஐ 1.2-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 40 வரும். அதாவது முன் அச்சின்மேல் இருந்த சுமை 40 கிலோ குறைந்துவிடும். அந்த 40-உம் பின் அச்சின் தலையில் விழும். நாம் மாட்டியது 100 கிலோ, பின் அச்சு சுமப்பது 140 கிலோ!

முன்பக்கம் இலேசானால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கிறீர்களா? வண்டியைத் திருப்புவது முன் சக்கரங்கள். பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் அவைதான். அவை தரையை அழுத்திப் பிடிக்கவில்லை என்றால் திருப்பினால் திரும்பாது, நிறுத்தினால் உடனே நிற்காது. அதனால்தான் மொத்த எடைக்கு மட்டுமல்லாமல் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியே வரம்பு இருக்கிறது. மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் வரம்பு மீறியிருக்கலாம்.

கூரைக்கும் தனி வரம்பு உண்டு. பல பிக்கப் வண்டிகளில் அது 100 கிலோகூட இல்லை. கேரியரின் எடையும் அதற்குள் அடக்கம். எடை உயரப் போகப் போக வண்டியின் ஈர்ப்பு மையமும் உயரும். மணல்மேட்டில் பக்கவாட்டில் சாய்ந்தபடி போகும்போது அந்த மையம் கீழ்ப்புறச் சக்கரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டால் வண்டி உருண்டுவிடும். தண்ணீர் கேன் போன்ற கனமான சாமானைக் கீழே, இரண்டு அச்சுக்கும் நடுவில் வைக்கச் சொல்வது இதனால்தான். உறங்கும் பை, போர்வை போன்றவற்றுக்குத்தான் கூரை.

குதித்தால் கூடும் சுமை

தார்ச்சாலையில் 100 கிலோ என்பது ஏறத்தாழ 100 கிலோவாகவே இருக்கும். கரடுமுரடான தடத்தில் அப்படி இராது. மேட்டிலிருந்து பள்ளத்தில் வண்டி இறங்கி விழும்போது, கீழே போய்க்கொண்டிருக்கும் சாமானைச் சட்டென்று நிறுத்தி மேலே திருப்ப வேண்டும். அதற்குக் கூடுதல் விசை தேவை. அந்த நொடியில் 100 கிலோ சாமான் 200 கிலோ போல வண்டியை அழுத்தலாம். பள்ளம் ஆழமாக, வேகம் அதிகமாக இருந்தால் இன்னும் கூடும்.

இந்த அடியை எல்லாம் வாங்குவது சேஸிஸ் சட்டம். பின்பக்கம் மிதமிஞ்சி ஏற்றிய பிக்கப் வண்டிகளில், ஆள் உட்காரும் அறை முடிந்து தொட்டி தொடங்கும் இடத்தில் சேஸிஸ் வளைந்துபோவது ஆஸ்திரேலியாவில் தெரிந்த விஷயம். ஒரேயடியாக வளையாவிட்டாலும் உள்ளுக்குள் சேதம் சேரும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியுமாகப் பலமுறை மடக்கினால் பட்டென்று முறிகிறதல்லவா? உலோகச் சோர்வு என்பது அதுதான். ஆயிரம் மேடுகளில் ஆயிரம் முறை அசைந்த சட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் முதலில் விழும். பிறகு அது வளரும்.

டயர் சொல்லும் சேதி

டயரின் பக்கச் சுவரில் எழுத்தும் எண்ணுமாக நிறைய இருக்கும். அளவைச் சொல்லும் எண்களுக்குப் பிறகு வருவது சுமைக் குறியீடு. 112 என்று இருந்தால் அந்த டயர் அதிகபட்சம் 1,120 கிலோ தாங்கும். 100 என்று இருந்தால் 800 கிலோ. பார்க்க அழகாக இருக்கிறது என்று குறியீடு குறைந்த டயரை மாட்டினால் வண்டியின் தாங்கும் திறனும் குறைந்துவிடும்.

மணலில் போகும்போது டயரில் காற்றைக் குறைப்பார்கள். ஏன் தெரியுமா? ஒரு டயரின்மேல் 750 கிலோ இருக்கிறது. காற்றழுத்தம் 35 பவுண்டு, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிலோ. 750-ஐ 2.5-ஆல் வகுத்தால் 300. டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 300 சதுர சென்டிமீட்டர், ஓர் ஏ4 தாளில் பாதி. காற்றைப் பாதியாகக் குறைத்தால் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். அதே எடை பெரிய பரப்பில் பரவுவதால் மணலில் புதையாது. ஆனால் காற்று குறைந்த டயர் அதிகமாக வளைந்து நெளிந்து சூடாகும். தாங்கும் திறனும் குறையும். வேகத்தையும் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். வண்டியின் எடை கூடக் கூட இந்த வித்தையின் பலன் குறைந்துகொண்டே போகும்.

ஸ்பிரிங் மாற்றினால் போதுமா?

பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்றதும் சிலர் கடினமான ஸ்பிரிங்கை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் சேஸிஸ், பிரேக், அச்சு, பேரிங் எல்லாம் பழையவைதான். 3,050 கிலோவுக்குச் செய்த பிரேக் 3,400 கிலோவை நிறுத்த வேண்டுமென்றால், அதே வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலான ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டும். வண்டி நின்று சேரும் தூரம் கூடும்.

ஆஸ்திரேலியாவில் இதற்கு முறையான வழி ஒன்று உண்டு. பொறியாளர்கள் சோதித்துச் சான்று தந்த பாகங்களைப் பொருத்தி, பதிவு செய்து, புதிய வரம்பு எழுதிய தகட்டை வண்டியில் பதிப்பார்கள். அப்போதுதான் எண் மாறும். நாமாக ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டியின் உயரம் மாறும், எண் மாறாது.

அதைவிட எளிய வழி குறைப்பது. இரும்பு பம்பருக்குப் பதில் அலுமினிய பம்பர். இழுப்பறைக்குப் பதில் துணிப்பைகள். இரண்டு வண்டி சேர்ந்து போனால் ஒரு கருவிப்பெட்டியும் ஒரு வின்ச்சும் போதும். குறைக்கக் கூடாதது தண்ணீர். அதைக் குறைத்துவிட்டு அலங்கார விளக்கை ஏற்றிக்கொண்டு போவது அறிவீனம்.

எல்லாம் ஏற்றி முடித்தபின், ஆட்களும் உட்கார்ந்தபடி, வண்டியை எடைமேடையில் நிறுத்த வேண்டும். முதலில் முன் சக்கரங்களை மட்டும், பிறகு பின் சக்கரங்களை மட்டும், பிறகு முழு வண்டியை. மூன்று எண்களும் மூன்று வரம்புகளுக்குள் இருந்தால் புறப்படலாம். ஒன்று மீறினாலும் இறக்கி வைத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

நம் ஊர் லாரிகளிலும் இந்த எண்களை நீங்கள் பார்க்கலாம். பக்கவாட்டில் யு.எல்.டபிள்யூ. என்று எழுதியிருந்தால் அது காலி எடை. ஆர்.எல்.டபிள்யூ. அல்லது ஜி.வி.டபிள்யூ. என்று இருந்தால் அது சுமையோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை. நிற்கும் லாரி ஒன்றைப் பார்த்தால் இரண்டையும் குறித்துக்கொண்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துப் பாருங்கள். வரும் விடைதான் அந்த லாரி ஏற்றக்கூடிய சுமை. அதற்குமேல் ஒரு மூட்டை ஏற்றினாலும் ஆபத்து ஓட்டுநருக்கு மட்டுமல்ல, அதே சாலையில் போகும் எல்லோருக்கும்தான்.