தெரிவுரிமையின் மதிப்பு

ஒரு பொருளின் மதிப்பு அப்பொருளிடத்தேயே உள்ளதா, அன்றி அதனை உடையவனது நிலையையும் பொறுத்ததா என்பது பொருளியலார் நெடுங்காலமாக ஆராயும் வினா. இதற்கு நல்லதோர் உதாரணம் கூடைப்பந்தாட்ட அரங்கிற் கிடைக்கின்றது.

அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்து அணிகள் 30. அவை புதிய இளைஞரை ஏலத்தில் எடுப்பதில்லை; ஆண்டுதோறும் முறைவைத்துத் தெரிந்தெடுக்கின்றன. பின்தங்கிய அணிகளுக்கே முன்னிடம். எனினும் முதற்சில இடங்கள் 1985 முதல் குலுக்கலாலே தீர்மானிக்கப்படுகின்றன. இத்தெரிவுரிமையை, இனி வரும் ஆண்டுகளுக்குரியதையுங்கூட, வேறோர் அணிக்குக் கைமாற்றலாம். விளையாத நெல்லுக்கு விலை பேசுவது போன்றது இது.

முன்னிடம் பெற்றமையால் மட்டும் சிறந்த வீரன் கிடைத்துவிடான். 2013 இல் முதலாவதாகத் தெரிவான அந்தனி பெனட் விரைவில் மறக்கப்பட்டார். பதினைந்தாமவரான யானிஸ் அன்டெட்டோகூன்போ 2021 இல் மில்வோக்கி அணிக்குக் கிண்ணம் பெற்றுத் தந்தார். நமக்கு அணித்தான சான்றும் உண்டு. 2008 இல் இந்தியப் பிரிமியர் லீக் பத்தொன்பது வயதிற்குட்பட்டோரை இம்முறையிலேயே பங்கிட்டது. துடுப்பாட்டக்காரர் நிறைந்திருந்த டெல்லி அணி, விராட் கோலியை விடுத்துப் பந்துவீச்சாளர் பிரதீப் சங்வானைத் தெரிந்தது. கோலி பெங்களூர் சென்றார். அன்றைய குறையை நிரப்புதல் முதிர்ந்த அணிக்குத் தகும். கட்டியெழுப்பப்படும் அணியோ ஆற்றலையே நோக்கல் வேண்டும். ஐந்தாண்டின் பின் அதன் குறை யாதென்பதை இன்று யாரறிவார்?

அடுத்தது காலம். மலைநாட்டார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. முதிர்ந்த விதைத் தேயிலையைப் பிடுங்கி, ஏறத்தாழ இரண்டாண்டு மானாப்புல் வளர்த்து, மண் தேறிய பின்னரே வீ.பி. கன்று நடுவர். அதன்பின்னும் கொழுந்துக்குச் சில ஆண்டு காத்திருத்தல் வேண்டும். பிற மலைகளிற் கொழுந்துள்ள தோட்டம் ஒரு மலையைப் பிடுங்கிப் பொறுத்திருக்கும். எல்லா மலையையும் ஒருங்கே பிடுங்கினால், அரைப்பேருக்கும் வழியில்லாது லயத்துக் குடும்பங்களே வாடும்.

தெரிவுரிமையும் அத்தகையதே. 2013 இல் புரூக்ளின் நெட்ஸ் அணி உடனடி வெற்றியை வேண்டி, 37 வயதுக் கெவின் கார்னெட், 35 வயதுப் போல் பியர்ஸ் முதலியோரைப் பொஸ்டன் செல்டிக்ஸ் அணியிடமிருந்து பெற்றது. விலையாக 2014, 2016, 2018 ஆம் ஆண்டுகளின் முதற்சுற்றுத் தெரிவுகளையும், 2017 இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் அளித்தது. தாம் நல்ல நிலையிலேயே இருப்போம், எனவே கொடுப்பவை கடையிடங்களே என்பது நெட்ஸ் கணக்கு. முதியோர் தளர்ந்தனர், அணி வீழ்ந்தது, வீழ வீழப் பொஸ்டன் கையிலிருந்த சீட்டின் மதிப்பு ஏறிற்று. 2016 இல் மூன்றாமிடத்து ஜெய்லன் பிரவுன் கிடைத்தார். 2017 இல் முதலிடமே வாய்த்தது. பொஸ்டன் அதனைப் பிலடெல்பியாவுக்கு ஈந்து, மூன்றாமிடத்தையும் எதிர்காலத் தெரிவொன்றையும் பெற்று, ஜேசன் டேட்டமைத் தெரிந்தது. இவ்விருவரும் 2024 இல் கிண்ணம் வென்றனர். பிறனது தெரிவுரிமையை வாங்குவோன் அப்பிறனது எதிர்காலத்தையே எடைபோடுதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் யான் அறியேன். பொஸ்டன் தோற்று நின்று இதனைப் பெறவில்லை என்பதும் கருதத்தக்கது.

பிலடெல்பியாவோ எல்லா மலையையும் ஒருங்கே பிடுங்கியது. முன்னிடங்களை நாடி, வென்ற ஆட்டங்கள் முறையே 19, 18, 10 ஆக மூன்று பருவங்களைக் கழித்தது. 2014 இல் ஜோயல் எம்பீட் என்னும் பெருவீரர் கிடைத்தமை மெய்; எனினும் 2025 வரை அவ்வணி இறுதிப் போட்டியை எட்டவில்லை. தோல்வி பழகிய இளைஞன் எங்ஙனம் வளர்வான் என்பதற்குக் கணக்கேட்டில் இடமில்லை. ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இவ்வையம் எழாதிராது.

2019 இற் குலுக்கல் விதி திருத்தப்பட்டது. அதற்கு முன் கடைசி அணி முதலிடம் பெறும் வாய்ப்பு நூற்றுக்கு 25. திருத்தத்தின்பின் அது 14 ஆகி, கடைசி மூன்றணிக்கும் ஒன்றாயிற்று. தோற்பதற்குரிய கூலி இதனாற் குறைந்தது. அம்மூன்று பருவமும் பணங்கொடுத்து அரங்கிற்கு வந்த பிலடெல்பியா மக்களுக்கு ஈடு செய்வது பற்றி விதியில் ஒன்றுமில்லை.