ஒரு நடனத்தை எந்த ஆண்டில் வைப்பது?

1945ஆம் ஆண்டு. வடதுருவப் பனிப்பரப்பை நோக்கி ஒரு பெரும் போர்விமானம் சரிந்துகொண்டிருக்கிறது. அதனைச் செலுத்துபவன் ஸ்டீவ் ரோஜர்ஸ் என்னும் இளம் வீரன். வானொலியின் மறுமுனையில் இருப்பவள் பெக்கி கார்ட்டர் என்னும் அதிகாரி. விமானத்தை அங்கேயே வீழ்த்தாவிட்டால் நியூயார்க் நகரம் அழியும். பிழைக்க வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆயினும் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நடன விடுதியில் சந்திப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். தனக்கு ஆடத் தெரியாது என்கிறான் அவன். பேச்சின் நடுவே வானொலி மௌனமாகிறது.

2011ஆம் ஆண்டு வெளிவந்த ‘கேப்டன் அமெரிக்கா: தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்’ திரைப்படத்தில், இக்காட்சிக்குச் சில நிமிடங்கள் கழித்து ஸ்டீவ் கண் விழிக்கிறான். பனிக்குள் உறைந்துகிடந்தவனை மீட்டவர்கள், காலம் மாறவில்லை என்று அவனை நம்பவைப்பதற்காக அறையில் வானொலியை ஒலிக்கவிட்டிருக்கிறார்கள். அதில் ஒலிப்பதோ 1941ஆம் ஆண்டின் பேஸ்பால் ஆட்ட வருணனை. அவன் நேரில் சென்று பார்த்த ஆட்டம். பொய் பிடிபடுகிறது. தெருவுக்கு ஓடிவருபவனிடம், அவன் ஏறத்தாழ 70 ஆண்டுகள் உறங்கிவிட்டதாகச் சொல்கிறார் நிக் ஃபியூரி என்னும் உயரதிகாரி. அத்தனை ஆண்டுகளும் அவனுக்கு ஓர் இமைப்பொழுது. திரையரங்கில் அமர்ந்திருப்பவருக்கும் ஏறக்குறைய அவ்வளவே.

இதே கதையை, கதைக்குள் நிகழும் நாள்வரிசைப்படி காட்சி காட்சியாக மாற்றியடுக்கிப் பார்த்தால் நிலைமை வேறு. விமானம் வீழ்வதற்கும் அவன் கண் விழிப்பதற்கும் இடையே பார்வையாளர் ஏறத்தாழப் பத்து மணிநேரம் காத்திருக்க வேண்டும். 1995இல் நிகழும் ‘கேப்டன் மார்வெல்’, பின்னர் ‘அயர்ன் மேன்’, ‘அயர்ன் மேன் 2’, ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’, ‘தோர்’ ஆகிய ஐந்து படங்களும் அந்த இடைவெளிக்குள் வந்துவிடுகின்றன. பனிக்கடியில் ஒருவன் கிடக்கிறான் என்பதையே நாம் மறந்துபோகும் அளவுக்கு உலகம் தன்பாட்டில் நடக்கிறது.

மார்வெல் நிறுவனத்தின் இந்தத் திரைத்தொடரில் 2008ஆம் ஆண்டின் ‘அயர்ன் மேன்’ முதல் 2019ஆம் ஆண்டின் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ வரை 22 படங்கள் உள்ளன. மொத்தம் ஏறத்தாழ 48 மணிநேரம். இவை வெளிவந்த வரிசை வேறு. கதை நிகழும் வரிசை வேறு. 21ஆவதாக வெளிவந்த ‘கேப்டன் மார்வெல்’ கதைக்காலப்படி இரண்டாவது படம். படம் படமாகக் காலவரிசைப்படுத்திய பட்டியலை டிஸ்னி பிளஸ் சேவையே தருகிறது. ஆனால் ரசிகர்களில் சிலர் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் வரும் முற்காலக் காட்சிகளைப் பிரித்தெடுத்து, அந்தந்த ஆண்டில் பொருத்துகிறார்கள்.

அவ்வாறு வெட்டி ஒட்டிய படத்தை உரிமையாளரின் இசைவின்றிப் பரப்புவது சட்டப்படி சரியன்று. ஆகவே எங்கள் வீட்டில் நாங்கள் கையாண்டது எளிய முறை: எந்தப் படத்தில் எந்த நிமிடம் முதல் எந்த நிமிடம் வரை என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, ரிமோட்டும் கையுமாக அமர்ந்தோம். மூன்று வார மாலைப்பொழுதுகள் இதில் கழிந்தன. இத்தொடரில் ஒரு படத்தையும் முன்பு பார்த்திராத என் அக்காவும் உடன் அமர்ந்தார். முயற்சியின் உண்மையான சோதனை அவரே.

படத்தொகுப்பாளர் தொழிலின் கடினம் முதல் நாளிலேயே விளங்கிவிட்டது. இப்படங்களில் இறுதிப் பெயர்ப்பட்டியலுக்கு நடுவிலும் பின்னும் சிறு காட்சிகள் வரும். அவை பெரும்பாலும் அடுத்து வெளிவரவிருக்கும் படத்துக்கான தூண்டில்கள். ‘கேப்டன் மார்வெல்’ முடிந்தவுடன் ரிமோட்டை அழுத்தத் தவறினால், 1995இலிருந்து நேராக 2018இன் பேரழிவுக்குள் விழுந்துவிடுவோம். ‘அயர்ன் மேன் 2’, ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’, ‘தோர்’ ஆகிய மூன்றின் நிகழ்ச்சிகளும் கதைப்படி ஒரே வாரத்தில் நடப்பவை. அவற்றை ஒன்றோடொன்று பின்ன வேண்டும். ‘ஸ்பைடர்-மேன்: ஹோம்கமிங்’ படத்திலோ, 2012ஆம் ஆண்டின் நியூயார்க் போருக்குப் பின் எட்டு ஆண்டுகள் கடந்ததாக எழுத்துகள் தோன்றுகின்றன. கதையின் மற்ற நிகழ்ச்சிகளோடு பொருத்திப் பார்த்தால் அது 2016ஆக இருக்க வேண்டும். தயாரித்தவர்களே கணக்கில் தவறிய இடத்தில் வரிசைப்படுத்துபவர் என்ன செய்வார்? நாங்கள் அந்த எழுத்துகள் வரும்போது கண்ணை மூடிக்கொண்டோம்.

இத்தகைய மாற்றியடுக்கல் புதிதன்று. 1974இல் வெளிவந்த ‘தி காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்தில், தந்தை வீட்டோ இளமையில் எழும் கதையும் மகன் மைக்கேல் உள்ளுக்குள் வீழும் கதையும் மாறி மாறி வரும். 1977 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக இரு பாகங்களும் காலவரிசையில் மாற்றித் தொகுக்கப்பட்டு நான்கு இரவுகள் ஒளிபரப்பாயின. இயக்குநர் கொப்போலாவின் இசைவோடு நடந்த பணி அது. கதை தெளிவாயிற்று; ஆனால் தந்தையின் கனிவுக்குப் பக்கத்தில் மகனின் கொடுமையை நிறுத்திய அந்த ஒப்பீடு கரைந்துவிட்டது. வரிசை மாறும்போது கதையின் பொருளும் சிறிது மாறிவிடுகிறது.

மார்வெல் தொடரில் அந்த மாற்றத்தை மிகக் கூர்மையாக உணர்த்துவது 1991 டிசம்பர் 16 என்னும் ஒரு நாள். அன்றிரவு டோனி ஸ்டார்க்கின் பெற்றோர் ஒரு சாலையில் கொல்லப்படுகிறார்கள். கொன்றவன் ஸ்டீவின் உயிர்த்தோழன் பக்கி. நினைவழிக்கப்பட்டுப் பிறர் ஏவலுக்கு ஆளானவன். ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படம் இந்நிகழ்ச்சியின் ஒரு துண்டைத் தொடக்கத்தில் காட்டி, முழு உண்மையை இறுதியில்தான் அவிழ்க்கும். 2016இல் திரையரங்கில் அது ஓர் அதிர்ச்சி. நாள்வரிசையிலோ, டோனி ‘அயர்ன் மேன்’ ஆவதற்கு முன்பே நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. அதன்பின் ஸ்டீவும் டோனியும் தோளோடு தோள் நின்று போரிடும் ஒவ்வொரு படமும் வேறு படமாகிவிடுகிறது. அவர்கள் சிரித்துப் பேசும்போதெல்லாம் அக்கா, “இவனுக்கு என்று தெரியப்போகிறதோ” என்று கலங்கினார். அதிர்ச்சி இருந்த இடத்தில் அச்சம் வந்து அமர்ந்துகொண்டது.

முடிவை அறிந்தே கேட்பது நமக்குப் பழகிய சுவைதான். மகாபாரதமே முடிவுக்குப் பிந்திய ஓர் இடத்திலிருந்துதான் சொல்லப்படுகிறது: அருச்சுனனின் கொள்ளுப்பேரன் சனமேசயன் நடத்தும் சர்ப்ப வேள்வியில், போர் முடிந்து தலைமுறைகள் கடந்த பின்னர். யார் வென்றார் என்பது அங்கே கேள்வியன்று.

எனினும் எங்களை உண்மையில் வியக்கவைத்தவள் பெக்கி கார்ட்டர். வெளியீட்டு வரிசையில் அவள் ஒரு படத்தின் நாயகி. பின்னர் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நிமிடங்கள் தலைகாட்டுபவள். நாள்வரிசையில் அவளுக்கு ஒரு முழு வாழ்க்கை கிடைத்துவிடுகிறது. 1946இலும் 1947இலும் நிகழும் ‘ஏஜென்ட் கார்ட்டர்’ தொலைக்காட்சித் தொடரின் 18 பகுதிகளையும் நாங்கள் சேர்த்துக்கொண்டோம். போரில் துப்பாக்கி ஏந்தியவளை அலுவலகத்து ஆண்கள் காப்பி கொண்டுவரச் சொல்லும் காலம் அது. 1970இல் அவள் உயரதிகாரி; அவளது மேசைமீது ஸ்டீவின் பழைய நிழற்படம். 1989இல் நரைத்த தலையுடன் ஒரு கூட்டத்தில் அமர்ந்திருக்கிறாள். அது ‘ஆன்ட்-மேன்’ படத்தின் முதற்காட்சி. 2014இல் படுத்த படுக்கை. அருகில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஸ்டீவை நடுவில் மறந்துபோகிறாள். அடுத்த கணம் அவன் அப்போதுதான் திரும்பி வந்ததைப் போலக் கண்ணீர் விடுகிறாள். 2016இல் லண்டன் தேவாலயத்தில் அவளது உடலைச் சுமப்பவர்களில் ஸ்டீவும் ஒருவன்.

ஹேலி அட்வெல் என்னும் ஒரே நடிகை இவை அனைத்திலும் நடித்திருக்கிறார். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு இயக்குநர்களிடம், வெவ்வேறு ஒப்பனைகளில் சிதறிக்கிடந்த அந்த நடிப்பு, நாள்வரிசையில் ஒரே கோடாக நீள்கிறது. படுக்கைக் காட்சி முடிந்ததும் அக்கா சொன்னார்: “இவள் வாழ்ந்து முடித்துவிட்டாள். காத்திருப்பவன் அவன்தான்.” நான் பலமுறை பார்த்த காட்சி அது. அப்படி ஒருபோதும் எனக்குத் தோன்றியதில்லை.

இனி வருவதே சிக்கல். ‘எண்ட்கேம்’ படத்தில் நாயகர்கள் கடந்த காலத்துக்குப் பயணம் செய்கிறார்கள். 1970இல் ஒரு படைமுகாமில், டோனி தன் தந்தை ஹோவர்டைச் சந்திக்கிறான். அவர் மனைவியின் வயிற்றில் இருக்கும் குழந்தையே டோனி. பிரியும்போது டோனி அவரை அணைத்துக்கொள்கிறான். நாட்காட்டியை நம்பி நாங்கள் இக்காட்சியை 1970இலேயே வைத்தோம். அக்கா என் பக்கம் திரும்பி, “இந்தத் தாடிக்காரன் யாரடா? ஏன் இப்படி உருகுகிறான்?” என்றார். சொல்ல விடையில்லை. தொடரின் மிக உருக்கமான சந்திப்புகளில் ஒன்று, இரு அந்நியர்களின் காரணமற்ற தழுவலாக முடிந்துபோனது.

வங்கிக் கணக்கு அறிக்கையை ஊன்றிப் பார்ப்பவர்கள் இதனை எளிதில் புரிந்துகொள்வார்கள். சில அறிக்கைகளில் ஒரே பதிவுக்கு இரண்டு நாட்கள் அச்சாகியிருக்கும்: பதிவு செய்யப்பட்ட நாள் ஒன்று, அத்தொகை கணக்கில் நடைமுறைக்கு வரும் நாள் மற்றொன்று. பெரும்பாலும் இரண்டும் ஒன்றே. வேறுபடும்போதுதான் எந்த நாளை வைத்துக் கணக்கிடுவது என்ற கேள்வி எழுகிறது. அந்தத் தழுவல் நாட்காட்டியில் 1970. டோனியின் வாழ்க்கைக் கணக்கில் 2023. நாள்வரிசை என்று சொல்லிவிடுவது எளிது. யாருடைய நாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவற்றுள் கடினமான பதிவு அந்த நடனம். ‘எண்ட்கேம்’ படத்தின் இறுதியில், தன் கடமையை முடித்த ஸ்டீவ் கடந்த காலத்திலேயே தங்கிவிடுகிறான். போருக்குப் பிந்திய ஆண்டுகளின் ஒரு வீட்டில் அவனும் பெக்கியும் மெல்ல ஆடுகிறார்கள். நாட்காட்டிப்படி வைத்தால், விமானம் வீழ்ந்த சிறிது நேரத்திலேயே இக்காட்சி வந்துவிடும். முதன்முறை பார்ப்பவர் அவன் பிழைத்து வந்துவிட்டான் என்று நினைப்பார். பத்து மணிநேரம் கழித்து அவனையே பனிக்கட்டியிலிருந்து வெட்டியெடுக்கும்போது ஒன்றும் விளங்காமல் விழிப்பார். இன்னொரு முடிச்சும் உண்டு. 2014ஆம் ஆண்டுப் படத்தில், ஓர் அருங்காட்சியகத் திரையில் 1953ஆம் ஆண்டின் பேட்டி ஒன்று ஓடுகிறது. ஸ்டீவ் போர்முனையில் காப்பாற்றிய வீரர்களுள் ஒருவரே பின்னாளில் தன் கணவரானார் என்று அதில் பெக்கி சொல்கிறாள். அப்படியானால் நடனமாடியவன் எந்தக் கிளைக்காலத்தைச் சேர்ந்தவன்? படத்தை எழுதியவர்களும் இயக்கியவர்களும் இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகளைக் கூறியிருக்கிறார்கள்.

இத்தொடரைப் புதிதாகப் பார்க்க விரும்புவோர் வெளிவந்த வரிசையிலேயே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நாள்வரிசை இரண்டாம் முறைக்கு உரியது. அப்போது டோனியின் தழுவலும் வீணாகாது. இதனை அக்காவை வருத்திய பிறகே கற்றுக்கொண்டேன். நடனத்தைப் பொறுத்தவரை, நாங்கள் எழுதிவைத்த தாளில் 1940களின் பகுதியிலிருந்து அதனை அடித்துவிட்டு, கடைசி வரிக்குக் கொண்டுபோனோம். விதி மீறல்தான்.

ஆகவே எங்கள் கடைசி மாலையில் முதலில் வந்தது ஏரிக்கரைக் காட்சி. 2023. மரப்பலகையில் ஒரு முதியவர் அமர்ந்திருக்கிறார், ஸ்டீவ்தான். நண்பன் சாம் அவர் விரலிலிருக்கும் மோதிரத்தைக் கவனித்து, அவளைப் பற்றிச் சொல்லக்கூடாதா என்று கேட்கிறான். முதியவர் சிரித்துக்கொண்டே, சொல்லப்போவதில்லை என்கிறார். அதன்பின் ஒரு வீட்டின் சன்னல், உள்ளே பழைய இசைத்தட்டு ஒலிக்க இருவர் ஆடுகிறார்கள். “எட்டு மணிக்கு வந்துவிட்டானா?” என்று அக்கா கேட்டார்.