வகுப்பறைகளின் கதை – 9: ஆறு வகுப்பு தேறினால் ஓராண்டுப் பட்டாளம்

சாக்சனியின் மடங்களோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். மதச் சீர்திருத்தத்துக்குப் பின் காலியான அந்த மடங்களைக் கோமகன் மோரிட்ஸ் 1543-இல் பள்ளிகளாக்கினார். அவற்றில் ஒன்றான ஷூல்ப்ஃபோர்ட்டாவில்தான் பின்னாளில் ஃபிக்டேயும் நீட்சேயும் படித்தார்கள். அந்தக் காலத்தில் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே அரசு போட்ட வேலி எதுவும் இல்லை.

வேலியைப் போட்டது பிரஷ்யா. 1788-இல் அபிட்டூர் என்ற பள்ளி இறுதித் தேர்வை அது கொண்டுவந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. தேறாதவனும் பல்கலைக்கழகத்தில் சேரலாம், உதவித்தொகைதான் கிடைக்காது. ஆக, ஏழை வீட்டுப் பையனுக்கு அது கண்டிப்பான தேர்வு, வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வெறும் சடங்கு. இந்தச் சந்தை அடைக்க 1834 வரை ஆனது.

இடையில் 1806-இல் நெப்போலியனிடம் தோற்று பிரஷ்யா துவண்டு கிடந்தது. அந்த நேரத்தில் கல்வித் துறைக்கு வந்தவர் வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட். 1809-இல் வந்தார், ஏறத்தாழ 16 மாதங்களில் போய்விட்டார். முதலில் ஆளை ஆக்கு, தொழில் பிறகு என்பது அவர் கட்சி. தச்சன் கிரேக்கம் படித்தாலும் வீண்போகாது என்று எழுதிய மனிதர். 1810-இல் ஆசிரியர்களுக்கென்று தனித் தேர்வு வந்தது. 1812-இல் வந்த ஆணைப்படி, பல்கலைக்கழகத்துக்கு மாணவரை அனுப்பும் பள்ளிகளுக்கெல்லாம் கிம்னாசியம் என்றே பெயரானது. மொத்தம் ஒன்பது வகுப்பு. லத்தீனும் கிரேக்கமும்தான் முதுகெலும்பு.

தச்சன் மகன் வந்தானா? அபூர்வமாகத்தான். கட்டணத்தையும் ஒன்பது வருடப் படிப்பையும் தாங்கும் குடும்பங்களே பிள்ளைகளை அனுப்பின. அவர்களிலும் எல்லாரும் ஹோமருக்காக வரவில்லை. பலரை இழுத்தது பட்டாளச் சலுகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆறு வகுப்பு தேறிய பையன் மூன்று ஆண்டுக்குப் பதில் ஓராண்டு மட்டும் சேவை செய்தால் போதும். சீருடை, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சொந்தச் செலவு. பின்னால் ரிசர்வ் அதிகாரியாகும் வாய்ப்பும் உண்டு. கடைக்காரர், ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கியதும் பள்ளியை விட்டு நின்றார்கள். ஹும்போல்ட் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

1890-இல் பெர்லினில் நடந்த கல்வி மாநாட்டில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மே எழுந்து, நமக்கு வேண்டியது ஜெர்மானிய இளைஞர்கள், குட்டிக் கிரேக்கர்களும் ரோமானியர்களும் அல்ல என்ற பொருள்படச் சீறினார். அவரும் காசெல் நகர கிம்னாசியத்தில் படித்தவர்தான். சொந்த அனுபவம் பேசியது போலும். 1900-இல் நவீன மொழியும் அறிவியலும் கற்பித்த பள்ளிகளின் அபிட்டூருக்கும் சம உரிமை கிடைத்தது.

பெண்களுக்கு அந்தக் கதவுகூட இல்லை. ஹெலெனே லாங்கே 1893-இல் பெர்லினில் தனி வகுப்புகள் தொடங்கினார். 1896-இல் அவருடைய மாணவிகள் ஆறு பேர் வெளியாட்களாகத் தேர்வெழுதித் தேறினார்கள். பிரஷ்யப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் முறையாகப் பதிவு செய்ய 1908 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1920-இல் வைமர் குடியரசு முதல் நான்கு வகுப்பை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக்கியது. அதன்பின் பிரிவு வந்துவிடும், அதாவது பத்து வயதில். இன்றும் பெரும்பாலான மாநிலங்களில் இதே நிலைதான். பவேரியாவில் நான்காம் வகுப்பில் ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறப் பாடம் மூன்றின் சராசரி 2.33-ஐத் தாண்டாமல் இருந்தால்தான் கிம்னாசியத்துக்கு நேரடி அனுமதி. அங்கே 1 என்பதே உச்ச மதிப்பெண்.

பொதுவான நான்கு வகுப்பை ஆறாக்கலாம் என்று ஹாம்பர்க் நகர மன்றத்தின் கட்சிகள் அனைத்தும் ஒத்துக்கொண்டன. 2010 ஜூலை 18-இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பிலேயே கிம்னாசியத்தில் சேர்க்க நினைத்த பெற்றோர் இயக்கம் ஜெயித்தது, திட்டம் தோற்றது. கட்டணமும் பட்டாளச் சலுகையும் ஒழிந்துவிட்டன. கிம்னாசியத்தைத் தங்கள் வீட்டுச் சொத்தாக நினைக்கும் வர்க்கம் மட்டும் ஒழியவில்லை.