சுவரை அலங்கரிக்க வந்தது, சரக்கைக் காக்கிறது: பொதி கட்டும் பொருள்களின் கதை

தீபாவளி நெருங்கிவிட்டால் முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை என வீட்டிலேயே பலகாரம் செய்து வெளியூர்களுக்கு அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. பலகாரம் சுடுவதில் கைதேர்ந்தவர்கள்கூட அதைப் பெட்டியில் அடுக்கும்போது தடுமாறுவார்கள். போய்ச் சேரும்போது பாதி நொறுங்கியிருக்கும், அல்லது நமத்துப் போயிருக்கும். எண்ணெயும் மாவும் உழைப்பும் வீணாவதோடு, வாடிக்கையாளரும் கைநழுவிப் போவார்.

பொதி கட்டும் பொருள் ஒவ்வொன்றும் ஓர் ஆபத்தை மட்டுமே நன்றாகத் தடுக்கும். எது எதைத் தடுக்கும் என்பதை அவை உருவான கதையே சொல்லிவிடும்.

குமிழித் தாள்

'பபிள் ரேப்' என்று நாம் அழைக்கும் குமிழித் தாள் 1957-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தது. ஆல்பிரட் பீல்டிங், மார்க் ஷவான் என்ற இரு பொறியியலாளர்கள் குளியலறைத் திரைகள் இரண்டை ஒன்றாக ஒட்டினார்கள். இடையில் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொண்டன. அதைப் புதுமாதிரியான சுவர்த்தாளாக விற்கப் பார்த்தார்கள், யாரும் விரும்பவில்லை. செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களில் வெப்பம் காக்கும் உறையாக விற்க முயன்றதும் எடுபடவில்லை. 1960-இல் இருவரும் 'சீல்ட் ஏர்' நிறுவனத்தைத் தொடங்கினர். ஐபிஎம் நிறுவனம் தன் 1401 கணினிகளைச் சேதமின்றி அனுப்ப இந்தத் தாளைப் பயன்படுத்திய பிறகே அதன் உண்மையான பயன் உலகுக்குத் தெரிந்தது.

பெட்டி கீழே விழும்போது குமிழிக்குள் உள்ள காற்று அமுங்கி, அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. எனவே இது இடியையும் மோதலையும் தடுக்கும். குமிழிகள் பொருளைத் தொடும்படி உட்பக்கமாக வைத்துச் சுற்றுவது நல்லது. உடைந்த குமிழியில் பாதுகாப்பு இல்லை. பிள்ளைகள் 'பட் பட்' என்று உடைத்து விளையாடிய தாளை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

நெளிவு அட்டை

அட்டைப் பெட்டியின் ஓரத்தை உற்றுப் பார்த்தால், இரண்டு தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் தெரியும். இந்த நெளிவுத் தாளுக்கு 1856-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றபோது அது பெட்டிக்கானது அல்ல. கனவான்கள் அணிந்த உயரமான தொப்பியின் உட்புற விளிம்புக்கானது! 1871-இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைக் கண்ணாடிப் பொருள்களைச் சுற்றப் பயன்படுத்தினார். 1874-இல் ஆலிவர் லாங் அதன்மேல் தட்டையான தாளை ஒட்டி உறுதியாக்கினார்.

அந்த அலைகள் சிறு சிறு வளைவுகளாக நின்று பாரத்தைத் தாங்குகின்றன. ஆனால் ஈரம் பட்டால் அட்டை வலுவிழந்துவிடும். நம் நாட்டு மழைக்கும் ஈரக்காற்றுக்கும் இது முக்கியம். சிமெண்டுத் தரையில் வைத்திருந்த பழைய பெட்டி, பார்க்க நன்றாக இருந்தாலும் அடியில் இருந்தால் நசுங்கிவிடலாம்.

கண்ணாடித் தாள்

பரிசுக் கூடைகளைப் பளபளவென்று சுற்றியிருக்கும் கண்ணாடித் தாளுக்கு முன்னோடி செலோபேன். சுவிட்சர்லாந்தின் ஜாக் பிராண்டன்பர்கர், மேசை விரிப்பில் மது சிந்தியதைக் கண்டு, கறை படியாத துணி செய்ய எண்ணினார். துணிமேல் பூசிய பூச்சு தனித் தாளாக உரிந்து வந்தது. மரக்கூழிலிருந்து கிடைக்கும் பொருளால் ஆன அந்தத் தாள் அழகாக இருந்தது. தண்ணீரைத் தடுத்தாலும் காற்றிலுள்ள ஈரப்பதத்தைத் தடுக்கவில்லை. 1927-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வில்லியம் சர்ச் என்ற வேதியியலாளர் மெல்லிய பூச்சு ஒன்றால் அக்குறையைத் தீர்த்தார். இன்று கடைகளில் கிடைக்கும் கண்ணாடித் தாள்களில் பல, மரக்கூழ் அல்ல, பிளாஸ்டிக்.

பலகாரத்துக்கு எது?

முறுக்கை நமுக்க வைப்பது ஈரப்பதம். குமிழித் தாள் அதற்கு உதவாது. நன்றாக ஆறிய பிறகு, காற்றுப் புகாத டப்பாவிலோ நன்கு ஒட்டிய தடித்த பையிலோ அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவியே உள்ளே ஈரமாகிவிடும். அதன்பிறகு டப்பாவைச் சுற்றிக் குமிழித் தாள், வெளியே உறுதியான அட்டைப் பெட்டி. பெட்டியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால், அந்த இடைவெளியைக் கசக்கிய தாளால் நிரப்புங்கள்.

பார்சல் பிரித்தவுடன் எல்லாவற்றையும் குப்பையில் போட வேண்டியதில்லை. நல்ல குமிழித் தாளை மடித்து வைத்தால் அடுத்த பார்சலுக்கு உதவும். காய்ந்த, எண்ணெய் படாத அட்டையைத் தட்டையாக்கி மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம். பரிசுத் தாளைக் கையில் கசக்கிப் பாருங்கள்: கசங்கியபடியே இருந்தால் பெரும்பாலும் காகிதம், விரிந்து பழையபடி வந்தால் பிளாஸ்டிக் கலந்தது, காகிதத்தோடு சேர்க்கக் கூடாது.

அடுத்த பார்சலைக் கட்டும் முன் ஒரே கேள்வி கேட்டால் போதும்: இந்தப் பொருளுக்கு ஆபத்து இடியா, பாரமா, ஈரமா? பதில் தெரிந்தால், தேவையானதை மட்டும் வாங்கலாம். காசும் மிச்சம், குப்பையும் குறைவு. முறுக்கும் முழுசாகப் போய்ச் சேரும்.