அட்டை போயிற்று; சாவி யார் கையில்?

பட்டுப்புடவைக்கு அடியில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில், பீரோவின் உள்ளறையில் - முக்கியமான காகிதம் என்றால் நாம் வைக்கிற இடம் அதுதான். சாவி நம் இடுப்பில்! பிரிட்டனில் குடித்தனம் நடத்தும் நம் பெண்களும், அங்கே தங்கும் உரிமையைக் காட்டுகிற பி.ஆர்.பி. அட்டையை இப்படித்தான் பூட்டி வைத்திருந்தார்கள்.

அந்த அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31-ந் தேதியோடு காலாவதியாகிவிட்டன. "ஐயையோ, விசாவே போச்சா?" என்று பதற வேண்டாம். முடிந்தது அட்டையின் ஆயுள்தான். தங்கும் அனுமதி அதற்குரிய கெடு வரை இருக்கிறது. அதன் அத்தாட்சி மட்டும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அதற்குப் பெயர் இ-விசா.

இதற்காக அரசாங்கத்தின் இணையதளத்தில் யூ.கே.வி.ஐ. கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். கட்டணம் கிடையாது. உள்ளே நுழையும்போது உங்கள் டெலிபோனுக்கோ ஈமெயிலுக்கோ ஓர் எண் வரும். வேலைக்குச் சேர, இங்கிலாந்தில் வாடகைக்கு வீடு பிடிக்க, அந்தக் கணக்கிலிருந்து 'ஷேர் கோட்' எடுத்துக் கொடுக்க வேண்டும். அது 90 நாட்களுக்குச் செல்லும்.

இங்கேதான் நம் பெண்கள் ஒரு தவறு செய்கிறார்கள். "அதெல்லாம் அவர் பார்த்துப்பார், எனக்கென்ன தெரியும்?" என்று விட்டுவிடுகிறார்கள். கணவரும் நல்லெண்ணத்தோடு, மனைவியின் கணக்குக்கும் தம்முடைய நம்பரையும் ஈமெயிலையுமே கொடுத்துவிடுகிறார். அவர் டெலிபோன் தொலைந்தால்? அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால்? மனக்கசப்பு வந்து பிரிந்திருக்க நேர்ந்தால்? அட்டை இருந்த காலத்தில் அதை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியேறலாம். இன்று சாவி அவர் சட்டைப் பையில் அல்லவா இருக்கும்!

ஆகவே சகோதரிகளே, இவற்றைச் செய்யுங்கள்:

* உங்கள் கணக்கில் உங்கள் நம்பரும் உங்கள் ஈமெயிலும்தான் இருக்க வேண்டும். மாற்றியிருந்தால் உடனே திருத்துங்கள்.

* குழந்தைகளின் இ-விசாவையும் திறந்து பாருங்கள். பெயர், பிறந்த தேதி, கெடு எல்லாம் சரியா என்று கவனியுங்கள்.

* புது பாஸ்போர்ட் வாங்கினால் அந்த எண்ணைக் கணக்கில் சேருங்கள். ஊருக்கு வந்து திரும்பும்போது விமான நிலையத்தில் கைக்குழந்தையோடு தவிக்க வேண்டாம்.

* காலாவதியான அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். பிற்பாடு விண்ணப்பம் போடும்போது உதவலாம்.

பழைய காகிதத்தின் அருமை அந்த நாட்டுக்கே தெரியும். 1973-க்கு முன் கரீபியன் தீவுகளிலிருந்தும் மற்ற காமன்வெல்த் நாடுகளிலிருந்தும் முறையாக வந்து குடியேறியவர்கள் பலரிடம் அத்தாட்சி ஏதும் இல்லை. அவர்கள் வந்து இறங்கியபோது எழுதிய பழைய சீட்டுகளை 2010-ல் அரசாங்கமே அழித்துவிட்டது. அத்தாட்சி காட்ட முடியாமல் வேலை இழந்தவர்கள், வீடு இழந்தவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள் கதையெல்லாம் 2018-ல் அம்பலமானது. உரிமை இருந்தால் மட்டும் போதாது. கேட்ட நேரத்தில் எடுத்துக் காட்டவும் முடிய வேண்டும்.

மகளோ மருமகளோ அங்கே இருந்தால், அடுத்த முறை பேசும்போது, "சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்பதோடு இதையும் கேளுங்கள்: "உன் விசாக் கணக்கை நீயே திறக்கிறாயாம்மா?"