பத்தில் ஒருவருக்குத் திறந்த கதவு

பள்ளியிலேயே முதல் மாணவி அவள். ஆனால் வீட்டில் யாரும் பல்கலைக்கழகப் படி ஏறியதில்லை. டியூஷனுக்கு அனுப்பவும் வசதியில்லை. இந்தப் பிள்ளையைப் பெருநகரத்தின் வசதியான பள்ளியில் படித்த பிள்ளையோடு ஒப்பிட்டு இடம் கொடுப்பதா, அவளோடு அதே வகுப்பறையில் உட்கார்ந்து படித்தவர்களோடு ஒப்பிட்டுக் கொடுப்பதா?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் 1997-இல் இந்தக் கேள்விக்கு ஒரு சட்டத்தின் மூலம் பதில் சொன்னது. அந்தச் சட்டத்தைக் கீழவையில் கொண்டு வந்து நிறைவேற்றியவர் இர்மா ராங்கெல். டெக்சஸ் சட்டமன்றத்தின் கீழவைக்குத் தேர்வான முதல் மெக்சிகோ வம்சாவளிப் பெண் அவர்தான்.

ஆசிரியை, வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர்

இர்மா 1931-இல் தெற்கு டெக்சஸின் கிங்ஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். பருத்தி வயலில் உழைத்து, பிறகு சொந்தத் தொழில் தொடங்கி மேலே வந்த குடும்பம். ஊரில் இருந்த கல்லூரியிலேயே பட்டம் பெற்று, 14 ஆண்டுகள் ஆசிரியையாக வேலை செய்தார். அதில் சில காலம் தென் அமெரிக்காவின் வெனிசுவேலாவில்.

நாற்பது வயதை நெருங்கும்போது பலர் இருக்கிற வேலையைப் பத்திரமாகப் பிடித்துக் கொள்வார்கள். இர்மா மீண்டும் மாணவியானார். சான் அன்டோனியோ நகரின் செயின்ட் மேரீஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1969-இல் பட்டம் பெற்றார். அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்துவிட்டு, சொந்த ஊருக்கே திரும்பி அலுவலகம் திறந்தார். 1976 தேர்தலில் வென்று, அடுத்த ஆண்டு சட்டமன்றத்தில் அமர்ந்தார்.

டெக்சஸில் சட்டமன்ற உறுப்பினர் பதவி வசதியான வேலை அல்ல. வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, 140 நாட்கள்தான். சம்பளமோ மாதம் 600 டாலர். அதனால் உறுப்பினர்கள் சொந்தத் தொழிலையும் பார்த்துக் கொள்ள வேண்டும். 150 பேர் கொண்ட அந்த அவையில் இர்மா சாகும்வரை 26 ஆண்டுகள் இருந்தார்.

நீதிமன்றம் மூடிய கதவு

தெற்கு டெக்சஸ் மெக்சிகோ எல்லையை ஒட்டிய பகுதி. மக்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினர். மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு மாநில அரசு ஒதுக்கிய பணமும் பாடத்திட்டங்களும் குறைவு. இதை எதிர்த்து 1987-இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 1993-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தோற்றது. ஆனால் அதே ஆண்டு, எல்லைப் பகுதிக் கல்விக்குக் கூடுதல் நிதி ஒதுக்கச் சட்டமன்றம் முன்வந்தது. அதற்காக உழைத்தவர்களில் இர்மாவும் ஒருவர்.

மூன்றே ஆண்டுகளில் அடுத்த அடி விழுந்தது. 1996-இல் ஹாப்வுட் வழக்கில் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம், டெக்சஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி மாணவரைச் சேர்க்கும்போது இனத்தைக் கருத்தில் கொள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர், இந்தத் தடை உதவிச் சம்பளத்துக்கும் பொருந்தும் என்று விளக்கம் தந்தார். அவரும் லத்தீனோ சமூகத்தவர்தான். ஆஸ்டினில் உள்ள முதன்மைப் பல்கலைக்கழகத்தில் லத்தீனோ, கறுப்பின மாணவர்களின் எண்ணிக்கை சரிந்தது.

அப்போது கீழவையின் உயர்கல்விக் குழுவுக்கு இர்மா தலைவர். கைகட்டி உட்காரவில்லை. பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், மேலவை உறுப்பினர் கொன்சாலோ பாரியென்டோஸ் ஆகியோருடன் சேர்ந்து வழி தேடினார். கிடைத்த யோசனை மிக எளிமையானது. எந்த உயர்நிலைப் பள்ளியாக இருந்தாலும், அதன் இறுதி வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவர், மாநிலத்தின் எந்தப் பொதுப் பல்கலைக்கழகத்திலும் சேரலாம். இனம் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை.

ஓட்டுப் போட்டவர்கள் யார்?

மசோதா எண் 588-க்கு ஆதரவு எதிர்பாராத பக்கத்திலிருந்தும் வந்தது. மேற்கு டெக்சஸ் போன்ற பகுதிகளின் வெள்ளையின மக்களும் தங்கள் சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்து ஆஸ்டினுக்குப் பிள்ளைகள் போவது அரிது என்பதை அறிந்திருந்தார்கள். அவர்களின் பிரதிநிதிகள் சிலர் கட்சி பார்க்காமல் கை கொடுத்தார்கள். அன்றைய ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ புஷ் கையெழுத்திட்டார். தன் மக்களின் குறையை மற்றவர்களின் குறையோடு சேர்த்துப் பார்க்கத் தெரிந்ததுதான் இர்மாவின் வெற்றி.

சட்டத்தில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. போட்டி மிகுந்த பள்ளியில் படித்து, முதல் 10 சதவீதத்தை மயிரிழையில் தவறவிட்ட பிள்ளையின் பெற்றோருக்கு அது இன்றும் மனக்குறை. இனவாரியாகப் பிரிந்து கிடக்கும் பள்ளிகள் அப்படியே இருந்தால்தான் இத்திட்டம் பலன் தரும் என்ற விமர்சனமும் உண்டு. இடம் கிடைத்தாலும், தங்கிப் படிக்கும் செலவுக்கு வழி தேட வேண்டும். இப்படி வந்தவர்களால் ஆஸ்டின் பல்கலைக்கழகம் நிரம்பியதால், 2009-இல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கு மட்டும் மாநில மாணவர்களுக்கான புதிய இடங்களில் 75 சதவீதத்தோடு இந்தச் சேர்க்கையை நிறுத்திக் கொள்ளலாம் என்றானது. அதனால் அங்கு சேர இப்போது 10 சதவீதத்துக்குள் வந்தால் மட்டும் போதாது. அதைவிட மேலே வர வேண்டும்.

ஆனாலும் சட்டம் நிற்கிறது. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதை 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் தடுத்தபோதும், இனத்தையே குறிப்பிடாத இந்த விதிக்கு ஆபத்து வரவில்லை.

ஊருக்கு வந்த கல்லூரி

புற்றுநோயோடு போராடிய இர்மா 2003 மார்ச் மாதம் காலமானார். கிங்ஸ்வில்லில் ஒரு மருந்தியல் கல்லூரி வேண்டும் என்பது அவரது நீண்டநாள் முயற்சி. அது 2006-இல் திறக்கப்பட்டபோது அவர் இல்லை. அவரது பெயர் வாசலில் இருந்தது.

மருந்தாளர் ஆக விரும்பும் கிங்ஸ்வில் பிள்ளை இன்று ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆஸ்டினுக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு, தன் வகுப்பில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். ஓர் ஆசிரியை சட்டமன்றத்துக்குப் போனதால் கிடைத்தவை இவை இரண்டும்.