பச்சை பிடிக்கும் வரை

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாற்று நட்டவர்களுக்குத் தெரியும்: பிடுங்கி நட்ட பயிர் முதல் சில நாள் வெளிறி நிற்கும், வேரூன்றிய பிறகுதான் பச்சை பிடிக்கும். தலையில் நடும் முடியும் அப்படித்தான். பின்மண்டையிலிருந்து எடுத்து முன்னால் நட்ட முடி இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் கொட்டிவிடும். பயப்பட வேண்டாம், வேர் உள்ளேதான் இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் மறுபடி முளைக்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகலாம்.

அந்த வேர் நன்றாகப் பிடிக்கத்தான் பி.ஆர்.பி. (தட்டணு செறிந்த பிளாஸ்மா) என்கிறார்கள். கொழிஞ்சாம்பாறைக்காரர் கோவைக்குப் போனாலும், குமுளிக்காரர் தேனிக்கு இறங்கினாலும் இந்த மூன்றெழுத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது.

டெங்கு புண்ணியத்தில் தட்டணு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். நம் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் சிவப்பணு அடியில் தங்கும், மேலே பிளாஸ்மா என்னும் மஞ்சள் நீர் தெளியும். அதில் தட்டணு செறிந்த பகுதியை மட்டும் பிரித்தால், எண்ணிக்கை 10 லட்சத்தை ஒட்டி வரும். காயத்தை ஆற்றவும் புது ரத்தக்குழாய் கிளைக்கவும் தூண்டும் புரதங்கள் தட்டணுவுக்குள் இருக்கின்றன. புதிதாய் நட்ட வேருக்கு ஆரம்பத்தில் ரத்த ஓட்டம் கிடையாது என்பதால், இந்த யோசனையில் நியாயம் இருக்கிறது.

பலன் எவ்வளவு? பிரேசில் மருத்துவர் கார்லோஸ் யுபெல் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரிடம் சோதித்தார். பி.ஆர்.பி.யில் ஊறவைத்து நட்ட பகுதியில், சதுர சென்டிமீட்டருக்கு 18.7 முடிக்கொத்துகள் தங்கின. ஊறவைக்காத பகுதியில் 16.4. ஏறக்குறைய 14 சதவீதம் கூடுதல். நல்ல செய்திதான். ஆனால் அந்த 16.4-ஐத் தந்தது நட்டவரின் கை. ரத்தத்தை எத்தனை முறை, எவ்வளவு வேகத்தில் சுற்றுவது என்பதும் இடத்துக்கு இடம் மாறுகிறது. வேரே செத்து வழுவழுப்பாகிவிட்ட இடத்தில் ஊசி மட்டும் போட்டு முடி வரவழைப்பதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்குக் கவலை ஊசியின் மேல் அல்ல, அதைப் பிடிக்கும் கையின் மேல். 2016-இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட இறுதியாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மருத்துவம் படித்தவருக்கே அந்த நிலை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் முகத்துக்கு இதே பி.ஆர்.பி. செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. யூடியூப் பார்த்து முடி நடவு கற்றுக்கொண்டால் போதாது, முறையான பயிற்சி வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் எழுதிவைக்க வேண்டியிருந்தது.

எல்லை தாண்டிப் போகிறவர்கள் பேக்கேஜ் விலையை அப்புறம் விசாரிக்கலாம். முதலில் மருத்துவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எடுப்பதும் நடுவதும் அவரா, உதவியாளரா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், முன்பணம் கட்டாமல் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.